மராலின் ஆந்தை இறகுத் தொப்பி

ஒரு ஊர்ல ஒரு... ஊருன்னு எங்கடி ஊரு, கண்ணுக்கெட்டின மட்டும் வெறும் புல்லு. அங்க மங்கோலியரும் கசாக்கியரும் கம்பளிக் கூடாரம் போட்டு குதிரை மேய்ச்சாங்க. அதுல மரால்னு ஒரு கசாக் பொண்ணு. உன்னை மாதிரியே வாயாடி. எங்க, "ம்" கொட்டு, இல்லாட்டி கதை நின்னுடும்.

அவ தொப்பி உச்சியில ஒரு கொத்து ஆந்தை இறகு. மூஞ்சிய சுளிக்காதடி! நமக்குத்தான் ஆந்தைன்னா அபசகுனம். அவங்களுக்கு அது கண்ணு படாம காக்குற காவல். அவ அம்மா தச்சுக் குடுத்தது.

அப்போ குதிரைப் பந்தயம் வந்துச்சு. நடத்துறது துல்மான்னு ஒரு மங்கோலிய அம்மா, ரொம்ப கறாரு. "எங்க பந்தயத்துல ஓடணும்னா எங்க நீல அங்கி போடு. அந்த ஆந்தையக் கழட்டு"ன்னுட்டா. மராலுக்கு ஓடணும்னு உசிரு. அங்கியப் போட்டு, வலப்பக்கம் பொத்தான் மாட்டி, இடுப்புல பட்டுத்துணிய இறுக்கிக் கட்டினா. தொப்பிய அங்கிக்குள்ள செருகிக்கிட்டா.

டடக் டடக் டடக்! ஓடை வந்துச்சு, சளப்புன்னு தாண்டினா. அப்புறம் மணல்மேடு, புஸ்ஸு புஸ்ஸுன்னு ஏறினா. மூணாவதா கடைசிச் சரிவு. அங்க குதிரைங்க களைச்சுடும். சொந்தக்காரங்க நின்னு குலப்பேரச் சொல்லிக் கத்துவாங்க, அதைக் கேட்டாத்தான் குதிரைக்கு மூச்சு திரும்பும். மரால் அப்பாவும் நிக்கிறாரு. ஆனா ஒரே புழுதி, எல்லாரும் நீல அங்கி. முன்னாடி வர்ற அவளை விட்டுட்டு பின்னாடி வர்ற குதிரையப் பாத்துத் தேடுறாரு பாவம்.

மரால் அதைப் பாத்துட்டா. பெத்த அப்பனுக்கே அடையாளம் தெரியாம ஜெயிச்சு என்னடி பிரயோசனம்? தொப்பி போட்டா பந்தயத்த விட்டே தள்ளிடுவாங்க. தள்ளட்டும்னு எடுத்து தலையில அமுக்கினா. அதுக்குள்ள ரெண்டு குதிரை முந்திடுச்சு.

ஆனா இறகு படபடன்னு ஆடுச்சு பாரு, அப்பா கண்டுட்டாரு! "கெரேய்! கெரேய்!"னு அவங்க குலப்பேரத் தொண்டை கிழியக் கத்தினாரு. குதிரை காத விடைச்சு, விர்ர்ருன்னு பாஞ்சு, முதல்ல வந்து நின்னுச்சு.

துல்மா வந்தா. "யாரு அதை மாட்டச் சொன்னது?"

"அங்கி உங்களது, அழகா இருக்கு, போட்டுக்கிட்டேன். தலை என்னுது, பெரியம்மா. நீங்க உங்க தொப்பியக் கழட்டிட்டு ஊர் முன்னாடி நிப்பீங்களா?"

துல்மா கை தானா தலைக்குப் போச்சு. சிவப்புக் குமிழ் வச்ச தொப்பி, அவ பாட்டன் பூட்டன் போட்டது.

அப்புறம் கிண்ணத்துல குதிரைப்பால் எடுத்து, ஜெயிச்ச குதிரைக்கு அவங்க பண்ற மரியாதைப்படி அது நெத்தியில தெளிச்சா. கூட்டத்தப் பாத்து அவளே கத்தினா பாரு, "கெரேய்! கெரேய்!"னு. எனக்கே நெஞ்சு நிமிருதுடி.

மரால் குதிரையும் நின்னாச்சு, என் வாயும் நின்னாச்சு. கண்ண மூடு, தூங்கு.