முன்சக்கரம் தரையில் படாத வண்டி

இன்ஸ்பெக்டர் தாண்டவராயன் கை காட்டி நிறுத்தியதும் மரியதாஸ் இறங்கி ஓடிவந்தான். அவன் லோடு ஆட்டோவில் மீன். பெட்டியிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டுகிறது. இந்த லோடு கெட்டால் மீனை ஏற்றிவிட்ட வியாபாரியம்மா இனிக் கூப்பிடவே மாட்டாள்.

"ஸ்பீடு கேமராவுல மாட்டிட்டு அபராதம் கட்டாம டிமிக்கி குடுக்குறியா? இப்பவே கட்டு. இல்லேன்னா வண்டியை இழுத்துட்டுப் போயிடுவேன்!"

"நான் அவ்வளவு வேகமாப் போனதே இல்ல சார்."

"கேமரா பொய் சொல்லுமாடா? எல்லாரும் பாருங்கய்யா!" இன்ஸ்பெக்டர் போனிலிருந்த படத்தைக் வேடிக்கை பார்க்கக் கூடியவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

மரியதாஸும் எட்டிப் பார்த்தான். கும்பிட்டான்.

"இழுத்துட்டுப் போங்க சார். இந்தத் தடவையாவது உங்க டிரைவரை மெதுவாப் போகச் சொல்லுங்க. போன மாசம் நோ பார்க்கிங்னு நீங்க இழுத்துட்டுப் போனப்ப எடுத்த படம் சார் இது."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். லோடு ஆட்டோவின் முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் பறந்தது போலீஸ் வண்டி.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் போனைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"போ, போ! சீக்கிரம் போய்த் தொலை!"

"சீக்கிரமாவா? ஐயோ, வேண்டாம் சார். முன்னால இன்னொரு கேமரா இருக்கு."