சால்னாவும் இலவசம்தான்

சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை உதிரட்டும். மீசை எங்கே என்று கேட்காதீர்கள், அது போன கதையில் உதிர்ந்தது.

கம்பத்தில் பரோட்டாக் கடை முதலாளி வீரணனுக்குப் பேச்சி என்ற பெண் பில் போடும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தாள். கூலி கேட்டதும் அவர் சிரித்தார்.

“நகல் எடுத்தாத் தேயவா போகுது? சாஃப்ட்வேர்னா இலவசம் தாயி. நானே எழுதினதா என் பேரைப் போட்டு ஊருக்கே குடுக்கப்போறேன்.”

“தாராளமாக் குடுங்கய்யா. பேருக்குக் கீழே உங்க போன் நம்பரையும் போடவா?”

“பெருசாப் போடு!”

மறுநாள் காலையிலிருந்து அதை வாங்கிப்போன ஊர்க் கடைக்காரர்கள் எல்லாம் போன் அடித்தார்கள். “அண்ணே, நீங்க எழுதினது சால்னாவுக்கும் காசு போடுதே!” “அண்ணே, பாதி ஆம்லெட்டுக்கு எப்படிண்ணே பில்லு?” அடித்த அடியில் போன் சூடேறி, கடையின் பரோட்டா மாஸ்டர் அதன்மேலேயே ஒரு ஆம்லெட் போட்டு எடுத்தார்.

வீரணன் பேச்சியிடம் ஓடினார். “தாயி, காப்பாத்து! இதைச் சரிபண்ண எனக்கென்ன தெரியும்?”

“உங்க கடையில சால்னா இலவசம். அதுக்காக மாஸ்டருக்குச் சம்பளம் இல்லையாய்யா?”

வீரணன் கூலியை எண்ணி நீட்டினார். போன் மறுபடி அடித்தது. இந்த முறை பேச்சி எடுத்தாள். “சாஃப்ட்வேர் இலவசம்ணே. சரிபண்ணத்தான் கூலி, வரட்டுமா?”

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். வீரணன் கடையில் எனக்கு இன்னும் டீ ஓசி.