கரடியின் குதிரும் மலையணிலின் பங்கும்

ஒரு காட்டில் விலங்குகள் எல்லாம் கூடிப் பந்தாடி வந்தன, குழந்தைகளே. ஆட்டம் ரொம்பச் சுலபம். உயரமான கிளையில் கொடியால் பின்னிய கூடை ஒன்று தொங்கும். விளாங்காயை எறிந்து அதற்குள் போட வேண்டும். எந்த அணி அதிகமாகப் போடுகிறதோ, அதற்கே வெற்றி. அவ்வளவுதான்.

ஆட்டத்தில் குழப்பமே இல்லை. ஆடுகிறவர்களுக்குக் கொடுக்கும் பங்கில்தான் அத்தனை குழப்பமும். அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கே தலை சுற்றும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் அணிக்கும் மண்ணால் செய்த பெரிய குதிர் ஒன்று உண்டு. பருவம் தொடங்கும் நாளில் அதைப் பலாக்கொட்டையால் நிரப்புவார்கள். அணியில் இருக்கிற எல்லோருக்கும் பங்கு அதிலிருந்துதான். குதிரின் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். கோட்டுக்கு மேல் ஒரு கொட்டைகூட ஏறக் கூடாது. வசதியான அணி ஒன்றே எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் வளைத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் போட்ட கோடு அது. நல்ல ஏற்பாடுதான். நான் குறை சொல்ல மாட்டேன்.

மலை அணிக்குத் தலைவன் கரடி. கையில் எது அகப்பட்டாலும் விடாது. தேன் தீர்ந்த பிறகும் வெறும் அடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கும்.

அந்த அணியில் மலையணில் என்று ஓர் இளவட்டம் இருந்தது. அடேயப்பா, என்ன பாய்ச்சல், என்ன குறி! கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் காய் கூடைக்குள் போய் விழும். ஆனால் கரடி அதை ஒரு நாளும் ஆட விட்டதில்லை. அதன் இடத்தில் கரடியின் மைத்துனன் காட்டுப்பன்றி ஆடியது. கரடிக்குப் பன்றி எப்படி மைத்துனன் ஆனது என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது. பன்றி எறிந்தால் காய் கூடையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழும்.

பாவம் மலையணில். ஒரு பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்து, ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது. பங்கைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. ஆட வேண்டும். அது ஒன்றுதான் அதன் ஆசை.

பருவம் முடிந்தது. மலை அணியோடு அது செய்துகொண்ட ஒப்பந்தமும் முடிந்தது. மறு நிமிடமே மலையணில் ஆற்றங்கரைக்கு ஓடியது. ஆற்றங்கரை அணிக்குத் தலைவன் நீர்நாய். படு சூட்டிகை.

"நீர்நாய் அண்ணே, என்னை உங்க அணியில சேத்துக்குங்க. ஆட விட்டாப் போதும்."

"வாடா தம்பி! உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். ஆனா ஒண்ணு, கிளியைக் கேட்காம எதுவும் செய்ய முடியாது" என்றது நீர்நாய்.

கிளிதான் அந்தக் காட்டுக்கு விதி சொல்லும் அதிகாரி. விதி அத்தனையும் அதற்கு மனப்பாடம். அர்த்தம்தான் தெரியாது.

கிளி தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தது. "ஒப்பந்தம் முடிந்த இளையவரைப் பிற அணி அழைக்கலாம். அழைத்த அணி தருவதாகச் சொல்லும் பங்கை அப்படியே தருவதாகப் பழைய அணி சொல்லிவிட்டால், இளையவர் பழைய அணிக்கே சொந்தம்."

மலையணில் விழித்தது. "அப்போ எனக்கு விடுதலையா, இல்லையா?"

"விடுதலைதான்."

"அப்போ நான் ஆத்தங்கரைக்குப் போகலாமா?"

"கரடி விட்டால் போகலாம்."

"அது எப்படிங்க விடுதலை ஆகும்?"

"விதி அப்படித்தான்" என்றது கிளி.

நீர்நாய் குறுக்கே புகுந்தது. "சரி, நான் நிறையக் கொடுக்கிறேன்னு சொல்லிட்டா? கரடியால அவ்வளவு கொடுக்க முடியாதுல்ல?"

"ஒரு பருவம் மட்டுமே அணியில் இருந்த இளையவருக்கு முதல் பருவம் ஒரு சிரங்கைக்கு மேல் தரலாகாது. இரண்டாம் பருவமும் ஒரு சிரங்கைக்கு மேல் தரலாகாது."

"யாரோட சிரங்கை? ஒரு கை அள்ளுறதுன்னா, என் கை சின்னது, கரடி கை பெரிசு."

"குரங்கின் சிரங்கை" என்றது கிளி. அதையும் யாரோ எப்போதோ யோசித்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

மலையணிலுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு சிரங்கைதானே? கரடி கண்ணை மூடிக்கிட்டுக் கொடுத்துடுமே! மறுபடியும் நான் தண்ணிதான் தூக்கணும்."

"அழாதே, இரு" என்றது நீர்நாய். பிறகு கிளியைப் பார்த்து, "மூணாம் பருவத்துக்கு என்ன விதி?" என்று கேட்டது.

கிளி வாயைத் திறந்தது. மூடிக்கொண்டது. தலையைச் சாய்த்து இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. "மூன்றாம் பருவத்தைப் பற்றித் தனியாக விதி இல்லை. குதிரின் கோடு மட்டுமே வரம்பு."

நீர்நாயின் மீசை துடித்தது. "அப்படிப் போடு! இப்போ நான் சொல்றதை மனப்பாடம் பண்ணிக்கோ. முதல் பருவம் ஒரு சிரங்கை. ரெண்டாம் பருவம் ஒரு சிரங்கை. மூணாம் பருவம் குதிர் முழுக்க, கோடு வரைக்கும்!"

மலையணில் திடுக்கிட்டது. "ஐயோ அண்ணே, அத்தனையும் எனக்கு எதுக்கு? உங்க ஆளுங்க என்ன சாப்பிடுவாங்க?"

"என் அணியில ஆடுறது எல்லாம் என் பிள்ளைங்கடா. ஆத்துல மீன் பிடிச்சுத் தின்னுறவங்க. அவங்களுக்கு எதுக்குப் பலாக்கொட்டை? எங்க குதிர் சும்மாதான் கிடக்கு. ஆனா கரடியோட ஆளுங்க எல்லாம் குதிரை நம்பியே இருக்காங்க. ஒருத்தனுக்கே அத்தனையும் கொடுத்துட்டு மத்தவங்களுக்கு என்ன கொடுக்கும்? மூணாம் பருவத்தைக் கேட்டதும் ஆளை விடுடா சாமின்னு ஓடிடும், பாரு."

மலையணிலுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டியது.

கிளி பறந்து போய்க் கரடியிடம், "ஆற்றங்கரை அணி உங்கள் மலையணிலை அழைத்திருக்கிறது. பொழுது சாய்வதற்குள் நாவல் மரத்தடிக்கு வந்து, விவரம் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும்" என்றது.

கரடி கொட்டாவி விட்டது. "அதுவரைக்கும் நீர்நாய் அந்தப் பங்கை வேற யாருக்காவது கொடுக்கலாமா?"

"கூடாது. தாங்கள் பதில் சொல்லும்வரை ஆற்றங்கரைக் குதிர் பூட்டியே இருக்கும்."

"பூட்டியே இருக்கட்டும். நான் தூங்கி எழுந்து வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கரடி குப்புறப் படுத்துக்கொண்டது. தனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை, நீர்நாய்க்கு இடைஞ்சல். அதில் கரடிக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

நாவல் மரத்தடியில் காடே கூடிவிட்டது. மலையணில் ஒரு கிளையில் உட்காரும், இன்னொரு கிளைக்குத் தாவும், மறுபடி முதல் கிளைக்கே வரும். வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. கரடியைக் காணோம். வராமலே போய்விட்டால் மலையணிலுக்கு விடுதலை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பொழுது சாயப் போகிற நேரத்தில், முதுகைச் சொறிந்துகொண்டே வந்து சேர்ந்தது கரடி. பின்னாலேயே மைத்துனன் பன்றி.

கிளி ஒப்பிக்கத் தொடங்கியது. "ஆற்றங்கரை அணி தருவதாகச் சொல்லும் பங்கு. முதல் பருவம், ஒரு சிரங்கை. இரண்டாம் பருவம், ஒரு சிரங்கை. மூன்றாம் பருவம்..."

"போதும் போதும்!" என்று கரடி கத்தியது. "ஒரு சிரங்கைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? அதையே நானும் தர்றேன்! அணில் என்னோடதுதான்."

"முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லலாம்."

"நான் சொன்னாச் சொன்னதுதான்!"

"சொன்னால் சொன்னதுதான் என்பது விதியிலும் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கிளி பறந்து போயிற்று.

நீர்நாய் தலையில் கை வைத்துக்கொண்டது. மலையணில் அதன் பக்கத்தில் வந்து, "அண்ணே, இப்போ என்ன ஆச்சு? நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?" என்று கேட்டது.

"எனக்கே தெரியலடா தம்பி. கரடி நல்லாத் தோத்திருக்கு, ஆனா அதுக்கு இன்னும் தெரியாது. நீயும் தோத்திருக்கே, அது உனக்குத் தெரியும். நான் என்ன ஆனேன்னுதான் புரியல."

முதல் பருவம் வந்தது. மலையணில் தண்ணீர் தூக்கியது. பன்றி எறிந்த காய் மரங்கொத்தியின் பொந்துக்குள் விழுந்தது. இரண்டாம் பருவம் வந்தது. மலையணில் அப்போதும் தண்ணீர்தான் தூக்கியது. ஆனால் அது நேர்மையான பிள்ளை. ஒரு நாள் கரடியிடம் போய்ச் சொல்லியும் பார்த்தது.

"கரடி அண்ணே, மூணாம் பருவத்துக்கு என்ன பேசியிருக்குன்னு கிளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன்."

"எனக்கே புத்தி சொல்றியா? போய்த் தண்ணி கொண்டா!"

அதற்கு மேல் அது என்ன செய்யும், சொல்லுங்கள்.

மூன்றாம் பருவம் தொடங்கும் நாள் வந்தது. மலைக் குதிரில் கோடு வரைக்கும் பலாக்கொட்டை நிரப்பினார்கள். பன்றி, முள்ளம்பன்றி, கடமான், காட்டெருமை எல்லோரும் பங்கு வாங்க வரிசையில் நின்றார்கள். கிளி வந்து குதிரின் மேல் உட்கார்ந்தது.

"இது முழுவதும் மலையணிலின் பங்கு. மற்றவர்கள் போகலாம்."

"என்னது?" என்றது கரடி.

"இது முழுவதும் மலையணிலின் பங்கு."

"ஒரு சிரங்கைன்னுதானே சொன்னே?"

"அது முதல் இரண்டு பருவம்."

"மூணாம் பருவத்தை நான் கேட்கவே இல்லையே!"

"கேட்காதது தங்கள் காது. தருகிறேன் என்றது தங்கள் வாய்."

கரடி குதிரைச் சுற்றிச் சுற்றி வந்தது. "சரி, இவங்க பங்கைக் கோட்டுக்கு மேல கொஞ்சம் போட்டுக்கலாமா?"

"கூடாது."

"கோட்டையே கொஞ்சம் மேல தள்ளிப் போட்டா?"

"கூடவே கூடாது."

"அப்போ அணிலை விரட்டிடுறேன்!"

"விரட்டினாலும் பங்கு அணிலுக்குத்தான்."

"வெச்சுக்கிட்டா?"

"வைத்துக்கொண்டாலும் பங்கு அணிலுக்குத்தான்."

கரடிக்கு மண்டை காய்ந்தது. பன்றிக்கோ பொறுமை போய்விட்டது. "மச்சான், வயித்துக்கு ஒரு வழி பாக்கணும். நான் பாறை அணிக்குப் போறேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க" என்று நடையைக் கட்டியது. மற்றவர்களும் ஆளுக்கொரு அணியைத் தேடிப் போய்விட்டார்கள். மலை அணியில் மிச்சம் இருந்தது கரடியும் மலையணிலும் மட்டும்தான்.

மலையணில் குதிரைப் பார்த்தது. கரடியைப் பார்த்தது. "அண்ணே, கொட்டை எனக்கு வேணாம். எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்குங்க. என்னை மட்டும் விட்டுடுங்க. நான் ஆடணும்."

"சும்மாவா?" என்றது கரடி.

"சும்மாதான்."

"இதுல என்னடா சூழ்ச்சி?"

"ஒண்ணும் இல்லண்ணே. ஆடணும், அவ்வளவுதான்."

கரடியால் நம்ப முடியவில்லை. கிளியைக் கூப்பிட்டுக் கேட்டது. கிளி சொன்னது புரியாமல் திரும்பக் கேட்டது. அணில் ஆற்றங்கரைக்குப் போய்விடுமே என்று நினைத்தால் வயிறு எரிந்தது. கொட்டை போய்விடுமே என்று நினைத்தால் அதைவிட எரிந்தது. இப்படியே பகல் போயிற்று. கடைசியில், "போய்த் தொலை!" என்றது. சொல்லி வாய் மூடுவதற்குள் மலையணில் ஆற்றைத் தாண்டியிருந்தது.

கரடி குதிரைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. 'ஒரு கொட்டைகூடச் செலவில்லை, குதிர் முழுக்க எனக்கே!' பிறகுதான் அதற்கு ஆட்டத்தின் நினைவு வந்தது. அலறியடித்துக்கொண்டு பழைய ஆட்களைத் தேடி ஓடியது. முள்ளம்பன்றி வேறு அணிக்கு வாக்குக் கொடுத்துவிட்டது. கடமானும் அப்படியே. காட்டெருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆள் இல்லாத மலை அணியை அந்தப் பருவத்தின் ஆட்டங்களிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

முதல் ஆட்டம் ஆற்றங்கரை அணிக்கும் பாறை அணிக்கும். மலையணில் களத்தில் இறங்கியது. கிளைக்குக் கிளை பாய்ந்தது. எறிந்த காயெல்லாம் கூடையில்! காடே எழுந்து நின்று கத்தியது. ஆட்டம் முடிந்ததும் நீர்நாய்ப் பிள்ளைகள் மலையணிலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அது சிரித்துக்கொண்டே அழுதது.

தோற்ற பாறை அணியிலிருந்து பன்றி வேர்க்க விறுவிறுக்க வந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கரடியின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"மச்சான், எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நீங்கதான் அதை ஒரு நாளும் ஆட விடலையே. அன்னைக்கே விட்டுத் தொலைச்சிருந்தா என்ன?"

"விட்டிருந்தா அது நீர்நாய்கிட்டப் போயிருக்குமேடா!"

"இப்போ யார்கிட்டப் போச்சு?"

கரடி வாயைத் திறந்தது. நீர்நாயைப் பார்த்தது, மலையணிலைப் பார்த்தது, பன்றியைப் பார்த்தது. பிறகு எழுந்து போய், குதிரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டது.

நீதி: தனக்கு உதவாததைப் பிறருக்கும் உதவ விடாமல் பிடித்து வைப்பவன், தனக்கு உதவுகிறவர்களையும் சேர்த்தே இழப்பான்.