கட்டுத் துணி இல்லாத வார்டு

தில்லைநாயகிக்கு நாற்பத்தேழு வயது. மாவட்ட மருத்துவமனையில் இருபத்துநான்கு வருஷமாக நர்ஸ். மெலிந்த கையில் ஊசிக்கு நரம்பு பிடிக்க வேண்டுமென்றால் டாக்டர்களே அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் முதியோர் வார்டு அவர் பொறுப்புக்கு வந்தது.

ஜெபக்கனி அவரைவிடப் பத்து வயது இளையவர். பக்கத்துக் கட்டடத்தில் இருந்த நர்சிங் கல்லூரியில் பாடம் எடுப்பவர். அதிகம் பேச மாட்டார். இரண்டாம் வருஷ மாணவிகள் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு முதியோர் வார்டுக்கு வந்தார்.

வந்த முதல் நாள் அவர் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு கட்டிலாக நின்று பார்த்தார். முப்பது கட்டில்களில் பதினோரு பேரின் கைகள் கட்டுத் துணியால் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன.

தில்லைநாயகி தானாகவே வந்து விளக்கம் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு வார்டில் ஒரு பெரியவர் கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு உடைந்தது. அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர் தில்லைநாயகி. மெமோ வந்தது, சம்பள உயர்வு நின்றது. அதைவிட, அந்தப் பெரியவரின் மனைவி தன்னைப் பார்த்த பார்வையை அவரால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு தடுமாறுகிறவர் யாராக இருந்தாலும் கட்டிவிடுவார்.

"கட்டினா மனசு கஷ்டமாத்தான் இருக்கு, மேடம். கட்டலைன்னா விழுவாங்க. நான் என்ன செய்யட்டும்?"

ஜெபக்கனி ஒன்பதாம் கட்டிலைக் காட்டி, அவர் யார் என்று கேட்டார்.

தவசிலிங்கம், எழுபத்தொன்பது வயது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரில் கிருமி, காய்ச்சல். நான்கு நாளைக்கு முன்னால் மகள் ஆவுடைத்தங்கத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கி, தானே நடந்து உள்ளே வந்தார். இரண்டாம் நாள் குழப்பம் வந்துவிட்டது. கட்டில் கம்பியில் கால் வைத்து ஏறப் பார்த்தார், ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார். இரண்டு கைகளையும் கட்ட வேண்டியதாயிற்று. இனிமேல் அவருக்குப் படுக்கைதான் என்று மகளிடம் சொல்லியும் ஆயிற்று.

"எதுக்கு ஏறினார்?" என்றார் ஜெபக்கனி.

"குழப்பம்தான், மேடம்."

ஜெபக்கனி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வலது கைக் கட்டை அவிழ்த்தார். தில்லைநாயகி பதறி, ட்ரிப்ஸ் ஏறுகிற இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

அவிழ்த்த கை ஊசியைத் தேடிப் போகவில்லை. மெதுவாகக் கீழே இறங்கி, அடிவயிற்றில் போய் நின்றது. அங்கேயே அழுத்தியது. பெரியவர் ஏதோ முனகினார். யாருக்கும் புரியவில்லை.

ஜெபக்கனி லாக்கரைத் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பல்செட் இருந்தது. தொலைந்துவிடக் கூடாதென்று மகள் பத்திரமாக எடுத்து வைத்தது. அதைக் கழுவி அவருக்கு மாட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த கண்ணாடியையும் துடைத்துப் போட்டுவிட்டார்.

தவசிலிங்கம் வாயை இரண்டு தடவை மூடித் திறந்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்.

"ஒண்ணுக்குப் போகணும், தாயி. ரெண்டு நாளாச் சொல்லுதேன்."

டயபர் போட்டிருக்கிறது, அதிலேயே போகலாம் என்று ஒரு மாணவி சொன்னாள். எழுபத்தொன்பது வருஷத்தில் படுக்கையில் போனதில்லை என்றார் அவர்.

இரண்டு பேர் பிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போனார்கள். முதல் பத்து அடி தள்ளாட்டம்தான். திரும்பி வரும்போது ஒருவர் கை போதுமானதாக இருந்தது. படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். பகல் முழுக்கத் தூங்கினார். ட்ரிப்ஸ் ஊசி இருந்த இடத்திலேயே இருந்தது.

தில்லைநாயகி கட்டில் ஓரத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு ஜெபக்கனியைத் தேடிப் போனார்.

"இவருக்குச் சரி. மத்தவங்களையும் அவிழ்த்து, அதுல ஒருத்தர் விழுந்துட்டா?"

"போன வருஷம் இந்த வார்டுல எத்தனை பேர் விழுந்தாங்க?"

"ரெண்டு பேர். ரிஜிஸ்டர்ல இருக்கு."

"நடந்து வந்து, நடக்க முடியாமப் போனவங்க?"

"அதுக்கு ரிஜிஸ்டர் கிடையாது, மேடம்."

ஜெபக்கனி வகுப்புக்குப் போய்விட்டார்.

மறுநாள் தில்லைநாயகி கடையில் ஒரு நீள நோட்டு வாங்கினார். பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டார். எப்படி வந்தார் என்று ஒரு பக்கம், எப்படிப் போனார் என்று ஒரு பக்கம். பழைய கேஸ் ஷீட்டுகளைத் தோண்டியெடுத்து முந்தைய மாதத்தையும் எழுதினார். நடந்து வந்தவர்கள் முப்பத்தொரு பேர். நடந்து போனவர்கள் பதினான்கு பேர். அவர் அதை யாரிடமும் காட்டவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவும் இல்லை.

பிறகு வேலை தொடங்கியது. நர்சிங் பாடத்தில் முதியோர் பற்றிய பகுதி கடைசியில் இருந்தது. பரீட்சை நெருங்கினால் அதைத் தாண்டிவிடுவது வழக்கம். ஜெபக்கனி அதை முதலில் எடுத்தார், அதையும் வார்டிலேயே எடுத்தார். ஆளுக்கு இரண்டு மூன்று பெரியவர்கள். காலையில் எழுந்ததும் கண்ணாடி, பல்செட், காது மெஷின். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த இடம், நான் யார் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர், கழிப்பறை, நாலு அடி நடை. சாப்பிடும்போது கூட உட்கார்ந்திருக்க வேண்டும்.

மாணவிகள் சிலர் முகம் சுளித்தார்கள். இதெல்லாம் ஆயா வேலை, நாங்கள் நர்சிங் படிக்க வந்தோம் என்று சுபலதா என்ற மாணவி சொல்லிவிட்டாள். ஜெபக்கனி அவளைத் திட்டவில்லை. கட்டி வைத்திருந்த பாட்டி ஒருவருக்கு முதுகில் வந்திருந்த புண்ணுக்கு மருந்து கட்டும் வேலையை அவளுக்குக் கொடுத்தார். எலும்பு தெரிகிற புண். பத்து நாள் அவள் அதற்கு மருந்து கட்டினாள். பதினோராம் நாள் வார்டிலுள்ள எல்லோரையும் முதலில் எழுப்பி உட்கார வைத்தது சுபலதாதான்.

தில்லைநாயகி ஒரு நாளைக்கு ஒருவர் என்று அவிழ்த்தார். கட்டில்களைத் தாழ்த்தச் சொன்னார். கழிப்பறைக்குப் போகும் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்த ஆள் வரவழைத்தார். ஒரு மாதத்தில் வார்டில் கட்டுத் துணி என்பதே இல்லாமல் போயிற்று.

தவசிலிங்கம் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார், நடந்துதான். ஐப்பசி மழையில் நெஞ்சுச் சளியோடு மறுபடியும் வந்தார். வேறு எங்கேயும் வேண்டாம், ஒன்பதாம் கட்டில் காலியா என்று கேட்டாராம்.

அந்த வாரம் ஜெபக்கனி வெளியூருக்குப் போயிருந்தார். வேறொரு கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடத்தும் பொறுப்பு. நான்கு நாள் வர மாட்டார்.

இரண்டாம் நாள் காலையில் தவசிலிங்கம் விழுந்தார்.

கழிப்பறை வாசலில் தரை ஈரமாக இருந்தது. கூட வந்த மாணவி கதவைத் திறக்கத் திரும்பிய நேரம், கால் வழுக்கிவிட்டது. நெற்றியில் நான்கு தையல். முழங்கால் வீங்கியது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஆனால் ரத்தம் வடிந்த முகத்தைப் பார்த்து ஆவுடைத்தங்கம் போட்ட சத்தத்தில் மருத்துவமனையே திரண்டுவிட்டது.

நிலைய மருத்துவ அலுவலர் டாக்டர் மணவாளன் நேரில் வந்தார். கெட்டவர் இல்லை, ஓய்வில்லாதவர். நாளைக்கு ஒருவர் இடுப்பு உடைந்தால் பத்திரிகைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். தடுமாறுகிற எல்லோரையும் உடனே கட்டச் சொன்னார். இரண்டு நாள் கழித்து விசாரணைக்கு வரும்படி தில்லைநாயகிக்கு மெமோவும் கொடுத்தார்.

தில்லைநாயகி ஜெபக்கனிக்குப் போன் செய்தார். அவர் தேர்வு அறையில் இருந்ததால் போனை அணைத்து வைத்திருந்தார். மறுபடியும் செய்தார். மூன்றாவது தடவை செய்யவில்லை.

சுபலதா கட்டுத் துணி சுருள்களை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"கட்டணுமா, சிஸ்டர்?"

தில்லைநாயகி அந்தத் தட்டைப் பார்த்தார். இடுப்பு உடைந்த பழைய பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் மனைவியின் பார்வையும் வந்தது.

"வேண்டாம். கொண்டுபோய் வை."

உத்தரவை ஏன் நிறைவேற்றவில்லை என்று கேஸ் ஷீட்டில் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தரைக்கு ரப்பர் விரிப்பு வாங்கிவரச் சொன்னார். கழிப்பறை வரைக்கும் போகிறவர் கையை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது என்று மாணவிகளுக்குச் சொன்னார். பிறகு ஒன்பதாம் கட்டிலுக்குப் போனார்.

"எந்திரிக்கலாமா, அய்யா?"

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதான். இன்னிக்கு விட்டா உங்களுக்குப் பயம் வந்துரும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "எனக்கும் வந்துரும்."

இருவரும் வார்டின் நீளம் முழுக்க நடந்தார்கள். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆவுடைத்தங்கம் பாதி வழியில் வந்து அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

விசாரணை மாடியில் நடந்தது. டாக்டர் மணவாளனும் நர்சிங் கண்காணிப்பாளரும் உட்கார்ந்திருந்தார்கள். தில்லைநாயகி நின்றார். தரை ஈரத்தைப் பார்க்கத் தவறியது தன் தப்பு என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார். கட்டாமல் விட்டது தப்பில்லை என்றும் சொன்னார். நீள நோட்டை மேஜையில் வைத்தார். அதை யாரும் திறக்கவில்லை.

இன்னொருவர் விழுந்தால் நீங்கள் பொறுப்பேற்பீர்களா என்று டாக்டர் கேட்டுக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

தவசிலிங்கம் வாசலில் நின்றார். நெற்றியில் பிளாஸ்திரி. மூச்சு வாங்கியது. பின்னால் இரண்டு படி தள்ளி மகளும், அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு மாணவிகளும் நின்றார்கள். யாரும் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

லிப்ட் ரிப்பேர், நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று டாக்டர் எழுந்துவிட்டார்.

"படிதான். இருபத்திரெண்டு படி. எண்ணிட்டுத்தான் வந்தேன்."

உட்காரச் சொன்னதற்கு, நின்றே பேசுகிறேன் என்றார்.

"நாப்பது வருசம் கரண்டு கம்பம் ஏறியிருக்கேன், சார். ரெண்டு தடவ விழுந்திருக்கேன். விழுவான்னு பயந்து எங்க ஆபீசர் என்னையக் கம்பத்தடியில கெட்டிப் போடல. இடுப்பு பெல்ட்டக் குடுத்தாரு. கீழ ஒரு ஆள நிறுத்தினாரு. ஏறுன்னாரு." மூச்சு வாங்கிக்கொண்டார். "இந்தச் சிஸ்டரும் அதத்தான் செஞ்சாங்க. முதல் தடவ வந்தப்ப இங்க ரெண்டு நாள் கெட்டிக் கிடந்தேன். அந்த ரெண்டு நாளும் நான் மனுசனா இல்ல. விழுந்தன்னிக்கு மனுசனாத்தான் விழுந்தேன்."

ஆவுடைத்தங்கம் முன்னால் வந்தாள். அன்றைக்குச் சத்தம் போட்டது நான்தான், இப்போது புகார் எதுவும் இல்லை, அப்பாவைக் கட்டினால்தான் புகார் கொடுப்பேன் என்றாள்.

டாக்டர் மணவாளன் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் முப்பத்தொன்றும் பதினான்கும் இருந்தன. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நடந்து வந்தவர்கள் முப்பத்துநான்கு. நடந்து போனவர்கள் முப்பது. படுக்கைப் புண் யாருக்கும் இல்லை. தவசிலிங்கம் விழுந்த தேதியில், சிவப்பு மையில், விழுந்தவர் ஒருவர் என்றும் எழுதியிருந்தது. அதை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதையும் நீங்களே எழுதினீங்களா, சிஸ்டர்?"

"நடந்தது அதுதானே, சார்."

அவர் வெகுநேரம் படித்தார். பிறகு மெமோவை வாங்கி, குறுக்கே கோடு போட்டு, விசாரணை முடிந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதோடு விடவில்லை. ஆண்கள் வார்டிலும் பெண்கள் வார்டிலும் இதே முறை வர வேண்டும், எல்லா நர்ஸ்களுக்கும் தில்லைநாயகியே பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கண்காணிப்பாளரிடம் சொன்னார். லிப்டை இன்றைக்கே சரிசெய்யச் சொல்லவும் மறக்கவில்லை.

வெளியே மாணவிகள் கைதட்டினார்கள். மருத்துவமனையில் கைதட்டக் கூடாது என்று யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. தில்லைநாயகி சுவரில் சாய்ந்துகொண்டு, இத்தனை நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். சுபலதா அவர் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தவசிலிங்கம் வீட்டுக்குப் போனார். சக்கர நாற்காலி கொண்டுவந்த ஊழியரிடம், மகள் ரொம்பக் களைத்திருக்கிறாள், அவளை உட்கார வைத்துத் தள்ளு என்றார். வார்டு முழுவதும் சிரித்தது.

திங்கட்கிழமை ஜெபக்கனி வந்தார். நடந்ததையெல்லாம் மாணவிகள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லி முடித்திருந்தார்கள். தில்லைநாயகி அவருக்கு டீ வாங்கி வந்தார். இருவரும் வார்டின் கடைசியில், ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தார்கள்.

தில்லைநாயகிக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது.

"அன்னைக்கு உங்களுக்கு ரெண்டு தடவை போன் பண்ணினேன், மேடம். எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

ஜெபக்கனி டீயைக் குடித்து முடித்தார்.

"கட்டச் சொல்லியிருப்பேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று தில்லைநாயகி நினைத்தார். முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை.

"ரெண்டு நாளைக்கு மட்டும் கட்டுங்க, விசாரணை முடியட்டும்னு சொல்லியிருப்பேன். பஸ்ல வரும்போது முழுக்க அதைத்தான் யோசிச்சேன். நான் சொன்னா நீங்களும் கேட்டிருப்பீங்க."



ஜெபக்கனி எழுந்து நின்றார்.

"புது மாணவிங்க நாளைக்கு வர்றாங்க, சிஸ்டர். முதல் வகுப்பை நீங்க எடுங்க. நானும் அவங்களோட உட்கார்ந்து கேக்கணும்."