நீரளந்தாள் நெற்றியில் எழுதிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் செயற்கூறுகளுக்கெல்லாம் வாய் இருந்தது. கணிப்பொறிக்குள்ளே கிடந்து, ஒன்றை வாங்கி வேறொன்றைத் திருப்பித் தருகிற, நாம் பங்ஷன் என்று சொல்கிற அதே செயற்கூறுகள்தான். அவை நடக்கும், சண்டை போடும், ஒன்றையொன்று உறவுமுறை சொல்லிக் கூப்பிடும். அவற்றைப் படைத்தவர்கள் வெளியே இருந்த மனிதர்கள். எழுதி அனுப்பிவிட்டு அவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். மீதிப் பாடெல்லாம் உள்ளே இருந்தவர்களுக்கு.

எழுதி முடித்தவுடன் ஒரு செயற்கூறு வேலைக்குப் போய்விட முடியாது. வேலை நடக்கிற இடம் ஓட்டக்கோட்டை. அதன் வாசலில், மனிதர்கள் எழுதியதைப் படித்துக் கணிப்பொறி ஓட்டும்படி ஆக்கித் தருகிற கம்பைலர் உட்கார்ந்திருப்பார். அவர் பார்த்து உள்ளே விட்டால்தான் உண்டு. அவருடைய முக்கியமான வேலை கலம் செய்வது. எந்தச் செயற்கூறும் தன் விடையை வெறுங்கையில் ஏந்திக்கொண்டு போக முடியாது, அதற்கு ஏற்ற கலம் வேண்டும். முழு எண் தருகிறவர்களுக்கு ஒரு பெட்டி. அதன் அடியில் சல்லடை இருக்கும். ஒன்று, இரண்டு என்று முழுசாக இருப்பது மட்டும் நிற்கும். காலும் அரையும் உதிர்ந்து போகும். பின்னம் தருகிறவர்களுக்கு அடைப்பான குடம், ஒரு துளிகூடச் சிந்தாது. கோட்டைக்குள் கலம் மாற்ற வழி கிடையாது. வாசலில் என்ன செய்து கொடுத்தாரோ அதுதான் கடைசிவரைக்கும்.

அப்போதெல்லாம் ஒருவரும் "நான் இன்னது தருவேன்" என்று சொல்லிக்கொண்டு வர வேண்டியதில்லை. கம்பைலருக்கு அது கௌரவக் குறைச்சல். "நீ வாயைத் திறக்காதே, நானே பார்த்துச் சொல்றேன்" என்பார். அந்தச் செயற்கூறுக்குள் புகுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து, "முழு எண்" என்றோ "பின்னம்" என்றோ அறிவிப்பார். சரியாகத்தான் இருக்கும். வாசலில் நிற்கிறவர்கள் கை தட்டுவார்கள். கைதட்டல் கேட்டுக் கேட்டே அவர் பாதி கெட்டுப்போனார்.

அந்த வாசலுக்கு ஒருநாள் நீரளந்தாள் வந்தாள்.

அவளை எழுதியவள் அன்னமயில் என்கிற ஒரு பெண். ஒன்றின் கீழ் ஒன்றாகக் கிடக்கும் ஏழு கண்மாய்கள், மேல்கண்மாய் நிறைந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் இறங்கும். மழை பெய்தால் கடைசிக் கண்மாயில் தண்ணீர் எத்தனை அடி ஏறும் என்று சொல்வது நீரளந்தாளின் வேலை. அதற்கு அவள், மேலே இருக்கிற கண்மாயிலிருந்து எவ்வளவு வரும் என்று கேட்க வேண்டும். யாரைக் கேட்பது? தன்னையேதான். ஆறாவது கண்மாய்க்கரையில் இன்னொரு நீரளந்தாளாக நின்று, ஐந்தாவதில் நிற்கும் நீரளந்தாளைக் கேட்பாள். இப்படியே ஏறிப் போய், மேலே கண்மாயே இல்லை என்கிற இடம் வந்ததும் "பூஜ்யம்" என்பாள். அந்தப் பூஜ்யத்தோடு ஒவ்வொரு கண்மாயின் மழையையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி வருவாள். தன்னையே அழைக்கிற செயற்கூறு அந்த வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அவளுக்குப் பின்னால் அவள் தம்பி மடைகாத்தான் நின்றான். அவனையும் அன்னமயில்தான் எழுதினாள். அக்கா சொல்கிற உயரத்தைக் கேட்டு, மூன்றடிக்கு மேல் என்றால் மடைகளைத் திறந்துவிடுவது அவன் வேலை. மூன்றடிக்கு மேல் அந்தக் கரை தாங்காது. கரைக்குக் கீழே எண்பது வீடு.

அவனுக்கும் பின்னால் இரட்டிப்பான். ஓர் எண்ணைக் கொடுத்தால் இரண்டு மடங்காக்கித் தருவான். அதற்கே அவனுக்கு அவ்வளவு மிதப்பு.

"வாத்தா" என்றார் கம்பைலர். "நில்லு, உள்ள போயிப் பாத்துட்டு வர்றேன்."

போனார். உள்ளே இரண்டு வழி இருந்தது. முதல் வழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டாவதில் நடந்தார். "மேல்கண்மாய் தருவதோடு இந்தக் கண்மாயின் மழையைக் கூட்டு" என்று எழுதியிருந்தது. மழை காலும் அரையுமாக அளப்பது, பின்னம், சரி. கூட்டுகிற இரண்டும் தெரியாமல் கூட்டுத்தொகையின் வகையைச் சொல்வது அவர் வழக்கமில்லை. மேல்கண்மாய்க்கு விடை தருவது யார் என்று பார்த்தார். நீரளந்தாள். அவளுக்குள் போய்ப் பார்த்தால்தானே தெரியும்? போனார். "மேல்கண்மாய் தருவதோடு..." என்று எழுதியிருந்தது. மறுபடியும் போனார். ஐந்தாம் தடவை வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"ஏத்தா, நீ என்னதான் தருவே?"

"மேல இருந்து வர்றதோட மழையைக் கூட்டித் தருவேங்கய்யா."

"மேல இருந்து என்ன வரும்?"

"அதையும் நாந்தான்யா சொல்லணும்."

"அப்பச் சொல்லு!"

"நான் என்ன சொல்லுவேங்கிறது, அதுக்கும் மேல இருந்து என்ன வருதுங்கிறதைப் பொறுத்துல்ல இருக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. இரட்டிப்பான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தான் என்னத்தைக் கொண்டு வருவோம்னு தனக்கே தெரியல. இதெல்லாம் வேலைக்குக் கிளம்பி வந்திருச்சு, பாரு!"

நீரளந்தாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவளுக்குத் தெரியும். மழையைக் கூட்டுகிறவள் தருவது பின்னமாகத்தான் இருக்க வேண்டும் என்று நன்றாகவே தெரியும். ஆனால் ஊரே கை தட்டுகிற ஒருவருக்கு இது தெரியவில்லை என்றால், நாம் எப்படி எடுத்துச் சொல்வது என்று நின்றாள்.

கம்பைலரோ சிரிப்பு தன்னைப் பார்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டார். இத்தனை காலம் ஒரு தடவைகூட "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லாதவர் அவர். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அந்த ஒரு சொல்லோடு போயிருக்கும். அவர் சொல்லவில்லை. மறுபடி உள்ளே போய், தாண்டிப் போன அந்த முதல் வழியை எட்டிப் பார்த்தார். "மேலே கண்மாய் இல்லையென்றால் பூஜ்யம்" என்று இருந்தது. பூஜ்யம் முழு எண். போதும் என்று வெளியே வந்துவிட்டார்.

"முழு எண்!" என்று அறிவித்துச் சல்லடைப் பெட்டிகளை எடுத்து நீட்டினார். கை தட்டினார்கள்.

"ஐயா, மழை பின்னமாச்சே..." என்றாள் நீரளந்தாள்.

"உனக்கே தெரியலன்னுதானே சொன்னே? நான் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன். பூஜ்யம்னு எழுதியிருக்கா, இல்லியா?"

"எழுதியிருக்குங்கய்யா. ஆனா அது..."

"அப்புறம் என்ன?"

மடைகாத்தான் அவள் கையைப் பிடித்தான். "விடுக்கா. அவரு செஞ்சா சரியாத்தான் இருக்கும். நமக்குப் பின்னால எத்தனை பேரு நிக்கிறாங்க பாரு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். பெட்டிகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்த ஒரு மூடலை நினைத்து அவள் பிற்பாடு அழுத அழுகைக்கு அளவில்லை.

ஆடி, ஆவணி, புரட்டாசி. மழை இல்லை. தினமும் காலையில் மடைகாத்தான் கூப்பிடுவான். அவள் ஏழு கரையிலும் நின்று அளந்து பூஜ்யம் என்று கொண்டு வந்து கொடுப்பாள். உண்மையும் பூஜ்யம்தான். வெளியே அன்னமயிலை எல்லோரும் மெச்சினார்கள். அவள் அடுத்த வேலையைத் தொடங்கியிருந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் நடுப்பகலில் மடைகாத்தான் அக்காவைக் கூப்பிட்டான்.

நீரளந்தாள் ஏழு பேராகக் கரைகளில் நின்றாள். உச்சியில் இருந்து பூஜ்யம் வந்தது. முதல் கண்மாயில் முக்கால் அடி மழைத்தண்ணீர். பூஜ்யத்தோடு முக்காலைக் கூட்டிப் பெட்டியில் வைத்தாள். சல்லடை வழியே முக்கால் உதிர்ந்தது. பெட்டியில் பூஜ்யம். இரண்டாவது கண்மாயில் நின்றவள் அந்தப் பூஜ்யத்தை வாங்கித் தன் முக்காலைச் சேர்த்துப் பெட்டியில் வைத்தாள். அதுவும் உதிர்ந்தது. ஓட்டத்தில் இருக்கிற செயற்கூறுக்குக் கலத்தைத் தவிர வேறு வாய் கிடையாது. கத்த முடியாது, கையை ஆட்ட முடியாது. தண்ணீர் கண்ணெதிரே ஏறுகிறது, கையில் இருப்பது சல்லடை. ஏழு கரையிலும் ஏழு முக்கால் உதிர்ந்ததை அவள் பதினாலு கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் தம்பியிடம் போய்ச் சேர்ந்தது பூஜ்யம்.

இருந்த தண்ணீர் ஐந்தேகால் அடி.

மடைகாத்தான் பூஜ்யத்தைப் பார்த்தான். மூன்றைத் தாண்டவில்லை. மடைகளைத் திறக்கவில்லை. அவன் அக்காவை நம்புகிறவன், வேறு எதையும் பார்க்க அவனுக்குக் கண் எழுதப்படவில்லை. ஒரு மணி நேரத்தில் கரை உடைந்தது. எண்பது வீட்டில் மிஞ்சியது பதினொன்று. ஆட்கள் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள், எல்லோரும் அல்ல.

வெளியே இருந்த மனிதர்கள் ஓட்டத்தை நிறுத்தினார்கள். எல்லாச் செயற்கூறுகளையும் இழுத்து வாசலில் நிறுத்தினார்கள். வாசலுக்கு வந்ததும் நீரளந்தாளுக்கு வாய் திரும்பி வந்தது. வந்து என்ன?

அன்னமயில் வந்து பார்த்தாள். கண் வீங்கியிருந்தது, மூன்று நாளாய்த் தூங்கவில்லை போல. பக்கத்தில் பெரிய அதிகாரிகள் நின்றார்கள். யாருடைய தப்பு என்று அவர்களுக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்தாக வேண்டும்.

"அஞ்சேகால் அடிம்மா! நான் சரியாத்தான் கூட்டினேன்!" என்று நீரளந்தாள் அலறினாள். "ஏழு இடத்துல உதிர்ந்து போச்சும்மா. பெட்டி சல்லடைப் பெட்டிம்மா!"

கம்பைலர் எழுந்து நின்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "என்ன தருவேன்னு அவளுக்கே தெரியல. வரிசையில நின்ன எல்லாரும் சாட்சி. நான் அவளுக்குள்ள எழுதியிருந்ததைத்தான் படிச்சேன். முதல் வழியில பூஜ்யம்னு இருந்துச்சு."

வரிசையில் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். இரட்டிப்பான் முதலில் சொன்னான்.

அன்னமயில் நீரளந்தாளின் முதல் வழியைத் திறந்து பார்த்தாள். தான் எழுதிய பூஜ்யத்தைப் பார்த்தாள். பின்னால் ஒரு புள்ளி வைத்து இன்னொரு பூஜ்யம் போட்டிருந்தால் கம்பைலர் கணக்கில் அது பின்னமாக இருந்திருக்கும், அடைத்த குடம் கிடைத்திருக்கும். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக மூடினாள். அதிகாரிகளிடம் அதைக் காட்டவில்லை.

கம்பைலரைத் தண்டிக்க முடியாது. அவர் இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு கோட்டையும் ஓடாது. எழுதியவளைத் தண்டிக்க, தப்பு தன்னுடையது என்று அவளே கையெழுத்துப் போட வேண்டும். மிச்சம் யார்? கொட்டுகிற மழையில் பூஜ்யத்தை நம்பி மடையைத் திறக்காமல் இருந்தவன். அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று முடிவாயிற்று. யாராவது ஒருவன் அழிய வேண்டும் அல்லவா?

வரிவரியாக அழித்தார்கள். முதலில் மடையைத் திறக்கிற கைகள் போயின. பேசுகிற வாய் கடைசியில்தான் போயிற்று.

"ஏன்க்கா, நீ பூஜ்யம்னுதானே குடுத்தே?" என்று கேட்டான்.

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த வரியும் போய்விட்டது. அதற்குப் பிறகு நீரளந்தாள் பேசவே இல்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை விட்டார்கள். பேசி யாருக்கு என்ன கிடைத்தது?

மறுநாள் வாசலில் ஒரு புதிய சட்டம் எழுதித் தொங்கியது. தன்னையே அழைக்கிற செயற்கூறுகளை நம்புவதற்கில்லை. அவை உள்ளே வருமுன் தாம் திருப்பித் தருவது இன்னது என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வர வேண்டும். மற்றவர்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. இரட்டிப்பான் வெறும் நெற்றியோடு உள்ளே போனான், போகும்போது அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

நீரளந்தாள் "பின்னம்" என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வந்து நின்றாள். முதல் வழியில் இருந்த பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு புள்ளியும் இன்னொரு பூஜ்யமும் வந்திருந்தன. எப்போது வந்தன, யார் போட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கம்பைலர் நெற்றியைப் படித்தார், அடைத்த குடங்களை எடுத்துக் கொடுத்தார். உள்ளே எட்டிப் பார்த்து ஊகிக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று விடுவதற்கு அவர் அன்றைக்குத்தான் பழகினார், அறுபத்தொன்பது வீட்டையும் ஒரு தம்பியையும் தின்றுவிட்டு. அவளுக்குப் பின்னால் புதிதாக எழுதிய மடைக்காரன் நின்றான். அவன் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை.

அன்று முதல்தான், தன்னையே அழைக்கிற செயற்கூறு தான் திருப்பித் தருவது இன்னதென்று முகப்பில் எழுதிக்கொண்டு வந்தாலொழியக் கம்பைலர் அதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்; அந்தச் செயற்கூறும், தன் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல், எழுதிக்கொண்டு வந்து நிற்கிறது.