கரையாத குழாய்

தில்லைநாயகி ஒரு குழாயைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். வெள்ளைக் குழாய், சுண்டுவிரல் நீளம்.

"இது கரையாது சார்."

டாக்டர் ஞானாபரணம் இட்லியிலிருந்து கையை எடுக்கவில்லை. "யார் கேட்டது?"

"கோதையின் அப்பா."

கோதைக்கு நாலு வயது. பிறக்கும்போதே இதயத்தில் பாதி வேலை செய்யவில்லை. கீழ் உடம்பின் இரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுபோக ஒரு குழாய் தைக்க வேண்டும். பிளாஸ்டிக் போட்டால் பிள்ளை வளரும், குழாய் வளராது. மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். ஞானாபரணம் வேறு வழி பார்த்தார். உடம்பில் கரையும் நூலால் குழாய் நெய்து, அதில் பிள்ளையின் சொந்தச் செல்களை விதைப்பார். நூல் கரையக் கரைய அந்த இடத்தில் இரத்தக் குழாய் ஒன்று தானே உருவாகும். முதலில் ஆடுகளில் வந்தது. பிறகு சில பிள்ளைகளுக்கும் வந்தது.

தில்லைநாயகி நாற்பதைத் தாண்டியவள். ஊரில் பேர் எடுத்த அறுவை மருத்துவர். இந்த வேலையைக் கற்க எல்லாவற்றையும் விட்டுவிட்டு இவரிடம் வந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கோதை அப்பாவின் அக்கா மகனுக்கு வேறெங்கோ பிளாஸ்டிக் போட்டார்களாம். மாற்றுவதற்குத் திறந்தபோது பையன் பிழைக்கவில்லை. 'போட்டது அப்படியே கிடக்கணும், இல்லேன்னா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவேன்' என்கிறார். ஆயுசுக்கும் கிடக்கும் என்று சொல்லிவிட்டேன்."

"சொல்லிவிட்டு?"

"சொன்னது பொய்யாகக் கூடாதே. போன வருஷம் ஒரு ஆட்டுக்குட்டிக்குக் கரையாத நூலில் மேலே ஒரு சுற்று கொடுத்துப் போட்டேனே, அதே மாதிரி செய்துவிட்டேன். நேற்று அந்த ஆட்டுக்கு ஸ்கேன் எடுத்தேன். போட்டது போட்டபடி இருக்கிறது."

"ஆட்டைப் பார்த்தாயா?"

"ஸ்கேனில்..."

"ஆட்டை."

ஆட்டுப்பட்டி மருத்துவமனைக்குப் பின்னால் இருந்தது. மற்ற ஆடுகள் தழைக்கு முட்டி மோதின. அந்த ஆடு மட்டும் ஓரமாகப் படுத்திருந்தது. வயிறு பானையாக வீங்கியிருந்தது. தில்லைநாயகி தழையை அதன் வாயருகே நீட்டினாள். முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. குட்டி ஆடாகிவிட்டது. உள்ளே குழாய் குட்டிக்குப் போட்ட அளவிலேயே இருந்து இரத்தத்தைத் தேக்கியிருந்தது.

திரும்பி வந்தபோது மேசைமேல் குழாய் இல்லை. இட்லி தின்ற இலையோடு குப்பைக் கூடையில் கிடந்தது.

"இப்போது அவரிடம் என்ன சொல்ல?"

"நீ போட்ட முடிச்சு. நீ அவிழ்."

கோதையின் அப்பா ஏகாம்பரம், கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி. மகளை மடியில் வைத்திருந்தார். அவள் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. அவள் எதுவும் தின்றிருக்கவில்லை.

தில்லைநாயகி நின்றுகொண்டே சொன்னாள். "முன்னே நான் சொன்னது தப்பு. அந்தக் குழாய் கிடக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும்."

"கரைஞ்சிடுமா? அதென்ன மேடம், கல்கண்டா?" ஏகாம்பரம் எழுந்துவிட்டார். "ஆயுசுக்கும்னீங்க. இன்னும் என்னென்ன மாத்திச் சொல்லுவீங்க? வாம்மா கோதை, போலாம்."

பின்னாலேயே வந்திருந்த ஞானாபரணம் வாசலை மறிக்கவில்லை.

"மேஸ்திரி, கான்கிரீட் போட்டா முட்டு எப்போ பிரிப்பே?"

"அதுக்கென்ன இப்போ? இறுகினதும் பிரிப்போம்."

"பிரிக்காம விட்டா?"

"எப்படி சார் குடியிருக்கறது? வீடு பூரா கம்பு நிக்கும்."

"முந்திப் பிரிச்சா?"

"தலைமேல வரும்." கதவில் வைத்த கை நின்றது. "இதுலயும் அப்படி வருமா?"

"வரலாம். நடுவில சுருங்கவும் செய்யலாம். அடிக்கடி கூட்டிட்டு வரணும். பார்த்துக்கிட்டே இருக்கணும்."

ஏகாம்பரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கேட்டார். "நாங்க முட்டுப் பிரிக்க ஆள் விடுவோம். உள்ளே யாரு சார் பிரிப்பா?"

"உன் பொண்ணு."

"கட்டறது?"

"அவளேதான்."

கோதை அப்பாவின் துண்டைப் பிடித்து இழுத்தாள். "போலாம்னியேப்பா?"

"இருடி," என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் உட்கார்ந்தார்.

அறுவை மறுநாள் என்று முடிவாயிற்று.

நடைவழியில் ஞானாபரணம் முன்னால் போனார். தில்லைநாயகி எட்டிப் பிடித்தாள்.

"நாளைக்கு முக்கியத் தையல் நீங்கள்தானே சார்?"

"நீ."

"பக்கத்தில் நிற்பீர்கள்தானே?"

"நிற்பேன்."

"அடுத்த பிள்ளைக்கு?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"முட்டை எப்போது பிரிப்பது என்று மேஸ்திரி சொன்னது உன் காதில் விழவில்லையா?"