யாரும் பார்க்காத முகம்

வெகு காலத்துக்கு முன்னே செம்பாறை நாட்டை வச்சிரவாகு என்றொரு ராஜா நாற்பது வருஷமாக ஆண்டுவந்தார். ராஜா தெருவில் வந்தால் படைவீரர் உட்பட எல்லாரும் குப்புறப் படுத்துவிட வேண்டும். நிமிர்ந்தால் கண் போய்விடும். காசில் பொறித்திருந்ததால் கிரீடம் எல்லாருக்கும் தெரியும். குப்புறக் கிடந்ததால் செருப்பும் தெரியும். நடுவில் இருந்த முகத்தைத்தான் சபைக்கு வெளியே யாரும் பார்த்ததில்லை.

அந்த வருஷம் தன் படகு விழாவுக்காக ராஜா ஏரி மதகை மூடச் சொன்னார். வயல்கள் காய்ந்தன. ஒருநாள் காலையில் ஊரே கோட்டை வாசலில் வந்து நின்றது.

"மதகைத் திற! அரியணையை விட்டுக் கீழே இறங்கு!"

சத்தம் சபைக்குள் கேட்டது. "என்னய்யா அது?" என்றார் ராஜா.

"நூறு குடிகாரர்கள், மகாராஜா" என்றார் தளபதி கண்டராயர். "உத்தரவு கொடுங்கள். அம்பு நாலு போனால் ஓடிவிடுவார்கள்."

மந்திரி அம்பலவாணர் முன்னே வந்தார். ராஜாவுக்குக் கோபம் வரும்போதெல்லாம் வேடிக்கை பேசி ஆற்றுவதே அவர் வேலை. ராஜா சிரிப்பார், தூங்குவார். மறுநாள் பழைய ராஜாவாகவே எழுந்திருப்பார். இத்தனை வருஷமாகத் தான் காப்பாற்றியது ஜனங்களையா, நாற்காலியையா என்று அவருக்கே சந்தேகம். ஆனாலும் வாய் பழக்கப்படி வேடிக்கையாகவே பேசியது.

"தளபதிக்கு எண்ணிக்கை நூறோடு முடிந்துவிடும், மகாராஜா. வெளியே நிற்பது நாடு முழுவதும். பந்தயம் கட்டுகிறேன்."

பந்தயம் என்றால் ராஜாவுக்கு உயிர். "தோற்றால் உன் தலை. ஜெயித்தால் கேட்டதைத் தருகிறேன். எப்படிப் பார்ப்பது?"

"சாதாரண வேட்டி கட்டி நடந்து போவோம். தங்களை அடையாளம் காண ஒருவரும் இல்லை. தங்கள் சட்டம் அப்படி. அதுவரை அரியணை காலியாக இருக்கக் கூடாதே. தளபதியைவிட நம்பிக்கையானவர் யார்?"

கண்டராயர் அதற்குள் கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்திரை மோதிரத்தை ராஜா உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொள்ள, அவரும் மந்திரியும் பக்கவாசல் வழியாக வெளியே வந்தார்கள். கூட்டம் ஏரிக்கரைவரை நீண்டது. ராஜா எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். சடைச்சி என்ற பெண்பிள்ளை பானையோடு வந்து அவர் கையில் கஞ்சிக் கலயத்தைத் திணித்தாள்.

"குடி, அண்ணாச்சி. முகமே வாடிக் கிடக்கு. எந்த ஊரு? வயல் போச்சா?"

"போகப் போகிறது என்று நினைக்கிறேன்" என்றார் ராஜா.

அப்போது உப்பரிகையில் கிரீடம் பளபளத்தது. கண்டராயருக்கு ஆசை பொறுக்கவில்லை. "எய்யுங்கள்!" என்று கத்தினார். மதில்மேல் வில்கள் வளைந்தன. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அம்பின் முனை ராஜா இருந்த பக்கம் பார்த்தது.

"டேய்! இறங்குடா கீழே!" என்று ஊரோடு சேர்ந்து கத்தினார் ராஜா.

வில்லாளிகளின் தலைவன் மேலே பார்த்துப் பணிவாகக் கேட்டான்: "முத்திரை மோதிரத்தைக் காட்டுங்க மகாராஜா. முகம் தெரியாத எங்களுக்கு அதுதானே உத்தரவு?"

கண்டராயர் பத்து விரலையும் பார்த்தார். ஒன்றிலும் இல்லை. அது கீழே கஞ்சிக் கலயத்தைப் பிடித்திருந்த ராஜாவின் விரலில் இருந்தது. வில்கள் தாழ்ந்தன. வயல் காய்ந்த வீட்டுப் பிள்ளைகளான காவலரே கதவைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் உள்ளே புகுந்து கண்டராயரை இழுத்து வந்தது.

"ஐயோ, நான் ராஜா இல்லை!"

"இப்ப இப்படித்தான் சொல்லுவே!" என்றது கூட்டம். "ஏரியில தூக்கிப் போடுங்க!"

ராஜா அம்பலவாணரைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் தான் தப்பித்துவிடலாம். அம்பலவாணர் வேடிக்கை பேசி ஆற்றாமல் ஒதுங்கி வழிவிட்டார்.

"அவனை விடுங்கள். நான்தான் ராஜா."

"உட்காரு அண்ணாச்சி, வெயில் மண்டையில ஏறிருச்சு" என்றாள் சடைச்சி.

ராஜா மோதிரத்தைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், பழக்க தோஷம், பாதிக் கூட்டம் குப்புற விழப் போயிற்று. சடைச்சி மட்டும் இடுப்பில் கைவைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அட, இவ்வளவுதானா!"

விழப் போனவர்கள் நிமிர்ந்தார்கள். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஏரிக்கரைவரை போயிற்று.

"பந்தயத்தில் நீ ஜெயித்தாய், மந்திரி. என்ன வேண்டும்?"

"ஜனங்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், மகாராஜா. எனக்கும் அதேதான்."

வச்சிரவாகு மோதிரத்தைக் கழற்றி, காலிக் கலயத்தில் போட்டு, சடைச்சியிடம் நீட்டினார். மதகைத் திறக்கும் திருகுச் சக்கரத்தைச் சுற்றும் வேலை கண்டராயருக்குக் கிடைத்தது, கிரீடத்தோடு. தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதும் சடைச்சி மந்திரியிடம் வந்தாள்.

"யோசனை உங்களதாமே, ஐயா. கெட்டிக்காரர்தான். ஒண்ணு கேக்கட்டா? ராஜாவை எங்ககிட்டக் கூட்டிட்டு வர அந்தப் பக்கவாசல் ஒண்ணு போதுமே? இதுக்கு ஏன் நாப்பது வருஷம்?"

அம்பலவாணர் கஞ்சிக்கு நின்ற வரிசையைப் பார்த்தார். கடைசியில் வச்சிரவாகு நின்றிருந்தார். அம்பலவாணர் போய் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.